பத்துக்குப் பத்து வாங்கிய நட்பு

முத்துக்கரைக் கல்லூரியில் மாணவர்களிடையே நட்பு நிலவுவதற்கான ஆவணம் எதுவும் காணப்படவில்லை என்று டெல்லியிலிருந்து வந்த தர மதிப்பீட்டுக் குழு எழுதிவிட்டுப் போனது. மற்றபடி குழுவுக்குப் பெரிய குறை இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வருவதற்கு ஆவணம் இருந்தது. ஆகையால் குழுவைப் பொறுத்தவரை தண்ணீர் வந்தது. நூலகத்துக்கு ஆள் வருவதற்கு ஆவணம் இருந்தது, ஆட்களும் வந்தார்கள். நட்பு ஒன்றில்தான் கல்லூரி கோட்டை விட்டிருந்தது. பையன்கள் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள், ஒருவனும் எழுதி வைக்கவில்லை. அதனால் தர வரிசையில் ஒரு படி இறக்கம்.

அடுத்த குழு இரண்டு மாதத்தில் வரும். முதல்வர் உடனே 'நட்பு ஆவணமாக்கல் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு வணிகவியல் பேராசிரியர் முனைவர் ராஜபாண்டியை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார். ஆசிரியர் அறை மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்ற தகராறில், ராஜபாண்டிக்கும் கணிதத் துறைத் தலைவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. இவர் மூன்றில் வைப்பார், அவர் எழுந்து ஒன்றில் வைப்பார். பாடவேளை முழுக்க இதே வேலை. நட்பைப் பற்றி ஆற அமர யோசித்திருக்கக்கூடிய மனிதர் என்று பார்த்தால் கல்லூரியில் அவர்தான்.

சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தபட்சம் மூன்று நண்பர்கள் இருக்க வேண்டும். ஒருவர் அதே துறை, ஒருவர் வேறு துறை, ஒருவர் வேறு சமூகம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் படிவம் ந-1ஐ நிரப்பித் தர வேண்டும். மாதாமாதம் படிவம் ந-2இல் நட்பின் முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். நட்பை முறித்துக்கொள்ள ந-3. நண்பர் இல்லாதவருக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு இல்லை.

கடைசி வரியைப் படித்த பிறகு கல்லூரியில் நட்பு கரைபுரண்டு ஓடியது. மூன்றாமாண்டு இயற்பியல் பால்துரை இருபத்தேழு பேருக்கு நண்பனாகக் கையெழுத்துப் போட்டான். அதில் பத்தொன்பது பேரை அவன் பார்த்ததே இல்லை. கேட்டால், "நல்ல பயலுவளாத்தான் இருப்பானுவ" என்றான். ஆணும் பெண்ணும் பதிய வந்தால் அது நட்பில் சேராமல் 'கல்விசார் அறிமுகம்' என்று தனிப் பதிவேட்டில் ஏறியது. அதற்கான புகைப்படத்தில் இருவருக்கும் நடுவே மூன்றடி இடைவெளி வேண்டும். இடைவெளியில் துறைத் தலைவர் நிற்கலாம். ஆள் கிடைக்காதவர்களுக்கு அலுவலகமே பதிவு எண் வரிசைப்படி நண்பர்களை ஒதுக்கியது. தாவரவியல் ஜெமிமாவுக்கு ஒதுக்கிய தோழி, போன வருடமே படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணமாகிக் கயத்தாறுக்குப் போனவள். ஜெமிமா போய்ச் சொன்னாள். பேர் பதிவேட்டில் இருக்கிறதல்லவா, இருக்கட்டும் என்றார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் தன்னைத் தொடாது என்று முதலாமாண்டு வணிகவியல் ஆவுடையப்பன் நினைத்தான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு நண்பன் இருந்தான். ஒரே வகுப்பு விஜயராஜ். மற்ற இரண்டு இடத்துக்கு அலுவலகமே ஆளை ஒதுக்கிக்கொள்ளும்.

ஏரலுக்குப் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வருகிறவன் ஆவுடை. சொந்த வயல் அரிசி. அவன் அம்மா ஒரு ஆள் சாப்பாடு என்பது எவ்வளவு என்று தெரியாமல், இரண்டு பேருக்குக் காணும் சோற்றை ஒரு பெரிய டப்பாவில் அமுக்கி அமுக்கி அடைத்து அனுப்புவாள். மேலே கொஞ்சம் துவையல். விஜயராஜ் முத்தையாபுரத்திலிருந்து வருகிறவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா விடிவதற்குள் இறால் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள், காலையில் சோறு வைக்க நேரம் இருக்காது. ஆனால் முதல் நாள் வைத்த மீன் குழம்பு இருக்கும். ஒருவனிடம் சோறு, ஒருவனிடம் குழம்பு. சேர்ந்த நான்காவது நாளே சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் புங்கை மரத்தடியில் ஆவுடையின் டப்பாவில் குழம்பைக் கவிழ்த்து இரண்டு பேரும் கைவிட்டுத் தின்றார்கள். அன்றிலிருந்து ஐந்து மாதம், ஒரு நாள் விடவில்லை. மிச்சம் இருந்தால் ஆவுடை குழம்பை வீட்டுக்கும் கொண்டுபோவான். அவன் அம்மா விரலை நக்கிவிட்டு, "இந்தக் கொழம்பு வச்ச கைக்குத் தங்க வளவிதான் போடணும்" என்பாள்.

இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம். ஆவுடையும் விஜயராஜும் முதல் கேள்வியோடு நின்றுகொண்டார்கள். கேட்கத் தெரியாமல் இல்லை. கல்லூரியில் பாதிப் பேர் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு, கயிற்றுக்குக் கயிறு தனி மரத்தடி பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் கேட்கவில்லை. அந்தப் புங்கை மரத்தடி ஒன்றில்தான் கயிறு இல்லாத நான்கு கைகள் இருந்தன.

அலுவலகத்தில் படிவம் வாங்கும் சண்முகத்தாய், இருவரும் நீட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எங்க?"

"அது எதுக்குக்கா?" என்றான் ஆவுடை.

"நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு நான் எப்பிடித் தெரிஞ்சுக்கிட? ஒரே ஆளா இருந்தா அது நட்புல சேராது. சொந்தத்துல சேரும்."

"எங்களுக்கே தெரியாதுக்கா" என்றான் விஜயராஜ்.

சண்முகத்தாய் பேனாவை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள். பதினாறு வருட வேலையில் இப்படி ஒரு குறையுள்ள விண்ணப்பம் அவளிடம் வந்ததில்லை. "தெரியாம எப்பிடிலே பழகுதிய? போங்க, போயி எடுத்துட்டு வாங்க."

மறுநாள் எடுத்துவந்தார்கள். இருவரும் தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். அவள் இரண்டையும் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவனைப் பார்த்து, அவனைப் பார்த்து, "அடேயப்பா" என்றாள். பிறகு ஏழாவது கட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஏழாவது கட்டத்தில் என்ன எழுதினாள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், கதையை விட்டுவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்கப் போவீர்கள். ஒருவன் இருக்கும் தெருவுக்குள் மற்றவன் செருப்போடு நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது, அது முடிந்துவிட்டதாக அரசாங்கப் பாடப்புத்தகம் சொல்கிறது. அவ்வளவு போதும்.

அன்றைக்கு மதியம் விஜயராஜ் டப்பாவில் கைவிடவில்லை. மூடியில் கொஞ்சம் சோறு தள்ளிக்கொண்டு தனியாகத் தின்றான். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆவுடையும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவனுக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் விஜயராஜ் சாளை மீன் குழம்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏலே" என்றான்.

"என்னலே?"

"அந்தக்கா எழுதுனதுல நமக்கு என்ன? போன வாரம் எப்பிடி இருந்தோமோ அப்பிடியே இருப்போம். ஒனக்கு எதும் இருந்தா இப்பமே சொல்லிரு."

"எனக்கு என்னலே இருக்கப் போவுது" என்று ஆவுடை குழம்பு முழுவதையும் டப்பாவில் கவிழ்த்தான். இருவரும் வழக்கத்தைவிட வேகமாகத் தின்றார்கள். ஆவுடைக்குக் கண் கலங்கியது, காரம் என்று சொல்லிக்கொண்டான். அது அவன் வாழ்க்கையில் நல்ல நாள். அதோடு அவர்களை விட்டிருக்கலாம்.

கல்லூரி விடவில்லை. ராஜபாண்டி அதற்குள் மதிப்பெண் முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரே சமூகத்தவர் நட்புக்குச் சுழியம். பக்கத்துப் பக்கத்துச் சமூகம் என்றால் ஐந்து. தூரம் கூடக் கூட மதிப்பெண் கூடும். எது எதற்கு எவ்வளவு தூரம் என்று அட்டவணை போட அவருக்கு ஒரே ஒரு மாலைதான் ஆனது. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்து அறுநூறு நட்புகளில் ஒன்றே ஒன்று பத்துக்குப் பத்து வாங்கியது.

அவரே புங்கை மரத்தடிக்கு வந்து, அட்சரேகை தீர்க்கரேகை விழுகிற செயலியில் படம் எடுத்தார். "கையை டப்பாவுக்குள்ளயே வைங்க தம்பி. எடுக்காதீங்க. ஒருத்தர் கை மேல ஒருத்தர் கை. அருமை." இரண்டு நாளில் அந்தப் படம் பன்னிரண்டடிக்கு எட்டடி ஃபிளெக்ஸ் பலகையாகக் கல்லூரி வாசலில், திருச்செந்தூர் சாலையைப் பார்த்து நின்றது. ஒரே டப்பா, இரண்டு கை, இரண்டு முகம், இரண்டு பெயர், பெயருக்குக் கீழே இரண்டு சமூகம். மேலே கொட்டை எழுத்தில் 'சாதிகள் இல்லா முத்துக்கரை'. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பதால் கல்லூரி இணையதளத்தில் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

ஏரல் பேருந்து ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை அந்த வாசலைத் தாண்டிப் போகிறது.

ஆவுடையின் சித்தப்பா வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுத்தான் பேசினார். "படம் நல்லா விழுந்திருக்குலே. பஸ்ஸுல வாரவன் போறவன்லாம் எந்திரிச்சு நின்னுல்லா பாக்கான். ஒங்க அக்காவுக்குத் தை மாசம் பேசி வச்சிருக்கு, அந்த வீட்டுக்காரங்களும் அந்தப் பஸ்ஸுலதான் வாராவ." அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் காலை சமையல்மேடையில் பெரிய டப்பா இல்லை. புதிதாக ஒரு சின்ன டப்பா இருந்தது. ஒரு ஆளுக்குக் காணும் சோறு எவ்வளவு என்று அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்திருந்தது.

கல்லூரியில் இறுதியாண்டு மகாராஜா வந்து தோளில் கைபோட்டான். ஆவுடையின் ஆட்கள் கட்டும் கலர் கயிறு அவன் கையில் இருந்தது. "தம்பி, நம்மாளுன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே. பலகையப் பாத்துத்தான் தெரியும்" என்று மிகப் பிரியமாகச் சொன்னான். அன்று சாயங்காலம் மூன்று பைக்குகள் முத்தையாபுரத்தில் விஜயராஜின் வீட்டு முன்னால் நின்றன. யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் ஹாரனை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். முகவரி தேட அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

மறுநாள் விஜயராஜ் புங்கை மரத்தடிக்கு வரவில்லை. வகுப்பில் ஓரமாக வந்து, "எங்கப்பா கொஞ்ச நாளைக்கு அங்கன இங்கன நிக்காதன்னு சொல்லிட்டாவ" என்றான். "பலகைய எடுத்தா செரியாப் போவும்லே. நீ சார்ட்ட கேளு. நீ கேட்டா எடுப்பாவ."

ஏன் நான் கேட்டால் எடுப்பார்கள் என்று ஆவுடை கேட்கவில்லை. போனான்.

ராஜபாண்டி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"தம்பி, ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நம்ம கல்லூரியில சாதியே கிடையாது. அதுக்கு எங்க கையில இருக்கிற ஒரே ஆதாரம் உங்க ரெண்டு பேரோட சாதிச் சான்றிதழ்தான். அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே."

"அவன் வீட்டு முன்னாடி பைக்குல போயி நிக்காங்க சார்."

"யாரு?"

"கயிறு கட்டியிருக்கவங்க."

"கயிறு அவங்கவங்க நம்பிக்கை. அதுல தலையிட்டா சாதி பார்த்த மாதிரி ஆயிரும். நிர்வாகக் குழுவுலயே நாலு பேர் கட்டியிருக்காங்க, நாலும் வேற வேற கலர், எவ்வளவு ஒற்றுமையா இருக்காங்க தெரியுமா?" அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "நட்பு வேண்டாம்னா ந-3 இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வரணும், ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கைபோட்டுப் படம் எடுக்கணும், காரணத்தை டிக் பண்ணணும். மூணு காரணம்தான் உண்டு. இடமாற்றம், திருமணம், மரணம்."

"நட்பு வேண்டாம்னு சொல்லல சார். பலகை வேண்டாம்னுதான்..."

"பலகை இல்லாம நட்பு மட்டும் இருந்து எங்களுக்கு என்ன தம்பி பிரயோஜனம்? போன தடவை அப்படித்தானே இருந்துச்சு." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நீங்க சண்டை போட்டா அது உங்க சொந்த விஷயம், நான் குறுக்க வரமாட்டேன். நட்பு கல்லூரிச் சொத்து. வியாழக்கிழமை குழு வருது. ரெண்டு பேரும் மேடையில அதே மாதிரி ஒரே டப்பாவுல சாப்பிட்டுக் காட்டணும். வராட்டி நுழைவுச்சீட்டு வராது, உங்களுக்கு மட்டும் இல்ல, அந்தப் பையனுக்கும்."

வியாழக்கிழமை வந்தது. வாசலில் குழுவுக்கு நாதஸ்வரம், பன்னீர், சங்குமாலை. பால்துரை தன் இருபத்தேழு நண்பர்களோடு வரிசையாக நின்று கைகுலுக்கினான்; சிலர் அன்றுதான் அவனுக்குப் பெயர் சொன்னார்கள். ராஜபாண்டியும் கணிதத் துறைத் தலைவரும் 'ஆசிரியர் நல்லுறவு' என்ற தலைப்பின் கீழ் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் ஆவுடையும் விஜயராஜும் ஒரு பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். ஒன்பது நாளாகப் பேசவில்லை. ஆவுடையின் பை திறந்து கிடந்தது.

"புது டப்பாவா?" என்றான் விஜயராஜ்.

"ம்."

"சின்னதா இருக்கு."

"ம்."

ஆவுடைக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. அம்மா வாங்கியது, நான் கேட்கவில்லை என்று சொல்லலாம். வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் ரோஜாப்பூ ஒட்டிய பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் தயிர்சாதம் இருந்தது. குழுத் தலைவர் சைவம் என்பதால் மீன் விலக்கப்பட்டிருந்தது. முதல்வர் ஒலிபெருக்கியில், "கேள்விப்பட்டிருப்பீர்கள், இந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் என்னென்னவோ இருந்தது. எங்கள் வளாகச் சுவருக்கு உள்ளே அதெல்லாம் இல்லை. சுவரின் நீளம் எண்ணூறு மீட்டர். அதற்கும் ஆவணம் இணைக்கப்பட்டுள்ளது" என்றார்.

விஜயராஜ் பாத்திரத்தில் கைவைத்தான். கையை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தான். மூன்றாவது வரிசையில் மகாராஜா உட்கார்ந்திருந்தான். அவன் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான், இவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். அந்தப் படம் இந்த நிமிடமே எந்தெந்த வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் போகும் என்று ஆவுடைக்குத் தெரியும். சித்தப்பா கைக்கு வரும். தை மாதத்து வீட்டுக்காரர்கள் கைக்கும் போகும். அவன் கை முட்டியின் மேலேயே இருந்தது. எடுத்து வைத்துவிடலாம், ஒரு முழ தூரம்தான்.

"தம்பி, கை, கை" என்று ராஜபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், இன்னிக்கு எனக்குச் சஷ்டி விரதம்" என்றான் ஆவுடை.

முதல்வர்தான் சமாளித்தார். குழுவின் காதில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். குழுத் தலைவரின் முகம் மலர்ந்தது. ஒருவர் விரதம், ஒருவர் உணவு, இருந்தும் ஒரே பாத்திரத்தின் முன்னால் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள், இதைவிட என்ன சான்று வேண்டும் என்று எழுந்து நின்று கைதட்டினார். அரங்கமே எழுந்தது. மகாராஜா எல்லாரையும்விட பலமாகத் தட்டினான்.

விஜயராஜ் ஆவுடையைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் தெரிந்த பெஞ்சையும் அதன்மேல் வாய் திறந்து கிடந்த பையையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து, அத்தனை பேர் கைதட்டும் நடுவில், அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை ஒருவனாகத் தின்று முடித்தான். புகைப்படக்காரர் போதும் என்ற பிறகும் நிறுத்தவில்லை.

கல்லூரிக்கு ஏ பிளஸ் பிளஸ் கிடைத்தது. பலகையை எடுத்துவிட்டு, தரத்தை எழுதிய வேறு பலகை வைத்தார்கள். அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

நட்பு மட்டும் பதிவேட்டில் வரிசை எண் ஒன்றாக இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதம் முதல் தேதி ந-2இல் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நுழைவுச்சீட்டு வராது. விஜயராஜ் காலையில் வந்து போட்டுவிட்டுப் போவான். ஆவுடை மூன்று மணிக்கு மேல் போவான். சண்முகத்தாய் தாளைத் தள்ளிவிட்டு, "உங்க ரெண்டு பேரு ஃபாரம்தான்லே ஒரு மாசமும் தவறாம வருது" என்று பாராட்டுவாள்.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. 'கடந்த மாதம் நண்பரிடம் ஏதேனும் குறை கண்டீரா?' ஒவ்வொரு மாதமும் ஆவுடை முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பான். ஏதாவது எழுதியிருக்க மாட்டானா என்று பார்ப்பான். ஒரு வசவு எழுதியிருந்தால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றிருப்பான். விஜயராஜின் கையெழுத்து சின்னதாக, கோடு மீறாமல் இருக்கும். 'இல்லை' என்று எழுதியிருப்பான்.

அதற்குக் கீழே ஆவுடையும் 'இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, தாளைத் திருப்பிக் கொடுப்பான்.